கைப்பேசியைப் பறிப்பதற்கு முன்: பதின்பருவத்தினரிடையே நடக்கும் இணையவழித் துன்புறுத்தலைக் கையாளும் முறை

இணையத்தில் தன்னை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று பதின்பருவப் பிள்ளை ஒன்று வீட்டுப் பெரியவரிடம் வந்து சொல்லும்போது, பல வேளைகளில் அது தொடங்கிப் பல நாள்கள் ஆகியிருக்கும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று பொறுமையாகக் கேட்டால், வெட்கத்துக்கும் பயத்துக்கும் அடுத்தபடியாக ஒரு காரணம் வெளிவரும்: சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வீர்கள். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. கேட்ட மாத்திரத்தில் "முதலில் போனை இப்படிக் கொடு" என்று கையை நீட்டும் பெரியவர்கள் நம்மில் ஏராளம். துன்புறுத்தியவர் சுதந்திரமாக இருக்க, துன்பப்பட்ட பிள்ளையின் நண்பர்கள், பேச்சு, பொழுது எல்லாம் ஒரே நொடியில் பறிபோகின்றன. அடுத்த முறை இதைவிடப் பெரிதாக ஏதேனும் நடந்தாலும் அந்தப் பிள்ளை வாய் திறக்காது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், பிள்ளைகள் நம்பிப் பேசும் அண்ணன், அக்கா, சித்தி, மாமா போன்றோருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வரும் ஆலோசனைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருக்கிறது. தன்னைப் பற்றிய பேச்சு தன் கையில் இருக்கிறது என்ற பிடிமானத்தைத்தான் துன்புறுத்துபவர் பிள்ளையிடமிருந்து முதலில் பறிக்கிறார். உதவிக்கு வரும் பெரியவர் எஞ்சியிருப்பதையும் பறித்துவிடக் கூடாது. ஆகவே எந்த நடவடிக்கையும் பிள்ளைக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். இயன்றவரை பிள்ளையின் விரலாலேயே நடக்க வேண்டும்.

எது சண்டை, எது துன்புறுத்தல்

பதின்பருவத்தில் சண்டை வருவது இயல்பு. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு மறுநாள் ஒன்றாக உட்காரும் இரண்டு நண்பர்களுக்கு நடுவில் புகார்க் கடிதத்துடன் நாம் நுழைந்தால் கெடுதலே மிஞ்சும். பள்ளிகளில் நடக்கும் துன்புறுத்தலை 1970-களிலிருந்து ஆராய்ந்த உளவியலாளர் டான் ஒல்வேயுஸ், அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. நேரில் நடப்பதை அளக்க இவை போதும். இணையத்தில் நடப்பதற்கு இவற்றைச் சற்று விரித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவியின் படத்தைக் கேலிச்சித்திரமாக்கி ஒருவன் ஒரே ஒரு முறைதான் பதிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதை நாற்பது பேர் பகிர்ந்தால், அவன் செய்தது ஒரு முறை. அவளுக்கு நடந்தது நாற்பது முறை. வலிமை என்பதும் இங்கே உடல் பலம் இல்லை. பின்தொடர்வோர் எண்ணிக்கை, முன்பு நம்பி அனுப்பிய ஒரு படம், தனிப்பட்ட உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், பெயர் தெரியாத ஒரு போலிக் கணக்கு ஆகிய எல்லாமே இங்கே ஆயுதங்கள். பள்ளி வாசலோடு முடிந்துபோகும் தொல்லையிலிருந்து பிள்ளைக்கு வீடாவது அடைக்கலமாக இருந்தது; தலையணைக்கு அருகே இருக்கும் கைப்பேசி வழியாக வருவதற்கு அத்தகைய எல்லை எதுவும் கிடையாது.

இதற்கு எத்தனையோ வடிவங்கள் உண்டு. வசைச்சொல்லைத் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாமலே போய்விடும். வகுப்பில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் சேர்த்து ஒரு புதிய வாட்ஸ்அப் குழு தொடங்குவது, "நம்மில் யார் அசிங்கம்" என்று வாக்கெடுப்பு வைப்பது, பெயர் சொல்லாமல் ஆனால் எல்லாருக்கும் புரியும்படி ஸ்டோரி போடுவது, ஒருவர் எதை எழுதினாலும் ஒரே சிரிப்பு எமோஜியை வரிசையாக வைப்பது, இணைய விளையாட்டின் குரல் அரட்டையில் ஒருவரின் பேச்சை நக்கலாகத் திருப்பிப் பேசுவது, கணக்கைக் கைப்பற்றி அவர் பெயரிலேயே பிறருக்கு ஆபாசமாக எழுதுவது, தொலைபேசி எண்ணைத் தெரியாதவர்களின் குழுக்களில் போட்டுவிடுவது ஆகியன அடிக்கடி காணப்படுபவை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு சாதாரணப் படத்தை நிர்வாணப் படமாக மாற்றிப் பரப்புவது அண்மையில் சேர்ந்திருக்கும் கொடுமை. படம் பொய் என்பதால் பாதிப்பும் பொய்யாகிவிடாது.

வெறுப்பு நடத்தையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2019-இல் வெளியிட்ட செயல்திட்டம், ஒருவரின் மதம், இனம், நாடு, நிறம், வம்சாவளி, பாலினம் போன்ற அடையாளங்களைக் காரணமாக வைத்துத் தாக்குகின்ற அல்லது இழிவுபடுத்துகின்ற எந்த வெளிப்பாட்டையும் வெறுப்புப் பேச்சு என்கிறது. "நீ எழுதியது முட்டாள்தனம்" என்பதற்கும் "உன் ஆட்களே இப்படித்தான்" என்பதற்கும் உள்ள தொலைவு இதுதான். இரண்டாவது வாக்கியம், அதே அடையாளம் கொண்ட, குழுவில் வாயே திறக்காத மற்றப் பிள்ளைகளையும் சேர்த்தே அடிக்கிறது. பெரும்பாலும் நகைச்சுவை மீமாக வருவதால், எதிர்ப்பவரே "சிரிக்கத் தெரியாதவர்" என்று பட்டம் பெறுகிறார்.

எவ்வளவு பரவலானது என்று கேட்போருக்கு இரண்டு கணக்குகள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 44 நாடுகளையும் பகுதிகளையும் சேர்ந்த 11, 13, 15 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னார்கள். யுனிசெஃப் 2019-இல் வெளியிட்ட, 30 நாடுகளைச் சேர்ந்த 1,70,000-க்கும் மேற்பட்ட இளையோர் பங்கேற்ற கருத்துக்கணிப்பில் மூன்றில் ஒருவருக்கு மேல் அவ்வாறு கூறினர். ஐந்தில் ஒருவர் அதனால் பள்ளிக்குச் செல்லாமல் இருந்ததாகவும் சொன்னார். முன்னது அண்மைய சில மாதங்களைப் பற்றிப் பள்ளிகளில் முறையாகக் கேட்டது, பின்னது விரும்பியவர்கள் கைப்பேசி வழியே பதிலளித்தது. எண்கள் வேறுபடுவது அதனால்தான். எதை எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு வகுப்பறையிலும் சிலர் இருக்கிறார்கள் என்பது உறுதி.

முதல் உரையாடல்

பிள்ளை தானாகச் சொல்லாதபோது சில குறிகள் தெரியலாம்: செய்தி ஒலி கேட்டதும் திடுக்கிடுதல், யாரேனும் அருகே வந்தால் திரையைக் கவிழ்த்தல், திடீரென்று கணக்கை அழித்தல், நேற்றுவரை மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்ன நண்பரின் பெயரை இன்று சொல்லாமலே இருத்தல், பள்ளி நாள்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, உறக்கக் குறைவு. இவற்றில் எதுவும் சான்றாகிவிடாது. பருவத்தின் இயல்பான மாற்றமாகவும் இருக்கலாம். குறுக்கு விசாரணை செய்யாமல், "இப்போதெல்லாம் போன் அடித்தாலே உன் முகம் மாறுகிறது, என்னிடம் சொல்லலாம் என்று தோன்றும்போது சொல்" என்று கண்டதை மட்டும் சொல்லி விட்டுவிடுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பயணத்திலோ, இருவரும் சேர்ந்து ஏதேனும் வேலை செய்யும்போதோ பிள்ளைகள் எளிதாகப் பேசுகிறார்கள்.

சொல்லத் தொடங்கியதும் மூன்று வாக்கியங்களை நாக்கின் நுனியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். "நீ என்ன செய்தாய்?" என்ற கேள்வி, பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. "இதையெல்லாம் கண்டுகொள்ளாதே" என்ற ஆறுதல், அதன் துன்பத்தைச் சிறுமைப்படுத்துகிறது. கண்டுகொள்ளாமல் இருக்க முடிந்திருந்தால் அது உங்களிடம் வந்தே இருக்காது. "போனைக் கொடு" பற்றி முன்பே சொல்லியாயிற்று. இவற்றுக்குப் பதிலாக, "என்னிடம் சொன்னது நல்லது. உன்னிடம் கேட்காமல் நான் யாரிடமும் போக மாட்டேன். உன் உடலுக்கோ உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் மட்டும் மற்றவர்களிடம் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். எக்காரணத்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், ஏனெனில் அதைக் காப்பாற்ற முடியாத நாள் வரக்கூடும்.

பெரும்பாலான செயலிகள் 13 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே கணக்கை அனுமதிக்கின்றன. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்குத் தொடங்கிய 11 வயதுப் பிள்ளை, அந்தப் பொய் வெளியாகும் என்பதற்காகவே வாயை மூடிக்கொள்ளும். அதைப் பற்றிப் பேச வேறொரு நாள் இருக்கிறது. இன்று அந்தப் பேச்சு வேண்டாம்.

பிள்ளை நம்பிக்கை இழந்து பேசினால், "வாழவே வேண்டாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது தவறான அச்சம். ஆம் என்ற பதில் வந்தால், இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் பகுதிகளும் காத்திருக்கலாம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மருத்துவரையோ அவசர உதவியையோ உடனே நாடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவைகள் இயங்குகின்றன. உங்கள் நாட்டு எண்ணைத் தேவை வருவதற்கு முன்பே பிள்ளையின் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

சான்றுகளைச் சேர்த்தல்: பிளாக் செய்வதற்கு முன்

ஆத்திரத்தில் முதலில் பிளாக் செய்துவிட்டுப் பிறகு சான்று தேடுவது பலரும் செய்யும் தவறு. பிளாக் செய்த பின் சில செயலிகளில் அந்தக் கணக்கையே பார்க்க முடியாமல் போகலாம். எழுதியவர் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடும். ஆகவே எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரத்தை முதலில் இதற்கே செலவிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் வெறும் வசை மட்டும் தெரிந்தால் பயன் குறைவு. காட்டப்படும் பெயரை யாரும் நொடியில் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், கணக்கின் பயனர்பெயரும் அதன் இணைய முகவரியும் பதிவாக வேண்டும். நாளும் நேரமும் தெரிய வேண்டும். அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள உரையாடலும், அதில் உங்கள் பிள்ளை எழுதிய கடுஞ்சொல் இருந்தால் அதுவும், இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டால், பிற்பாடு எதிர்த்தரப்பு முழு உரையாடலைக் காட்டும்போது உங்கள் பிள்ளை சொன்ன உண்மையும் பொய்போலத் தோன்றிவிடும். மறையும் ஸ்டோரிகளுக்கும் குரல் பதிவுகளுக்கும் திரைப் பதிவு வசதி உதவும். ஸ்னாப்சாட் போன்ற செயலிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததை எதிராளிக்கு அறிவித்துவிடும். அங்கே வேறொரு கைப்பேசியால் திரையைப் படமெடுப்பதே பாதுகாப்பு. குழுவில் நடந்தது என்றால் உறுப்பினர் பட்டியலையும் அட்மின் யார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், நடந்தது, பார்த்தவர்கள், நீங்கள் செய்தது என்று வரிசையாக எழுதி வாருங்கள். பள்ளியிலோ காவல்துறையிலோ பேசும்போது நூறு படங்களைவிட அந்த இரண்டு பக்கங்கள் அதிகம் பேசும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவரின் நிர்வாணப் படத்தையோ பாலியல் படத்தையோ, அது செயற்கையாக உருவாக்கியதாக இருந்தாலும், சான்றுக்காகக்கூடப் பிரதி எடுக்காதீர்கள்; ஆசிரியருக்கோ உறவினருக்கோ அனுப்பவே அனுப்பாதீர்கள். பல நாடுகளின் சட்டத்தில் அதை வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும்கூட. கணக்கின் பெயர், முகவரி, நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொண்டு காவல்துறையிடமோ குழந்தைகள் உதவிச் சேவையிடமோ செல்லுங்கள்.

அத்தகைய படங்களின் பரவலைத் தடுக்க, காணாமற்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. படம் எடுக்கப்பட்டபோது 18 வயதுக்குக் கீழ் இருந்தவர்கள் இதைப் பயன்படுத்தலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ வைத்தே படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்குறி கணக்கிடப்பட்டு, அது மட்டும் சேவைக்குச் செல்கிறது. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளங்களில் அந்தக் குறியுடன் பொருந்தும் படத்தைத் தேடி நீக்குகின்றன. மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய, தனிச் செய்திகளுக்குள் இந்தத் தேடல் நுழையாது. வயதுவந்தோருக்கு இதேபோன்ற 'ஸ்டாப்என்சிஐஐ' சேவை 2021-இலிருந்து இயங்கி வருகிறது.

படத்தைக் காட்டி மிரட்டிப் பணமோ மேலும் படங்களோ கேட்பவர்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கோரிக்கை நிற்பதில்லை, பெருகும். உரையாடலை நிறுத்துங்கள், கணக்கை அழிக்காதீர்கள், அன்றே புகார் செய்யுங்கள்.

கருவிகளைத் தேர்ந்து பயன்படுத்துதல்

பதில் எழுதக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்வது எளிது. அதன் காரணத்தையும் சொன்னால்தான் அது நிற்கும். வம்புக்கு இழுப்பவர் காத்திருப்பதே அந்தப் பதிலுக்காகத்தான். கோபத்தில் எழுதிய ஒரு வரியை மட்டும் கத்தரித்து, "பாருங்கள், இவள்தான் தொடங்கினாள்" என்று மறுநாள் குழுவில் போட்டுவிடுவார்கள். "இனி எனக்கு எழுதாதே" என்று ஒரே ஒரு முறை அமைதியாக எழுதுவதில் தவறில்லை. அதுவும் ஒரு சான்றாகும். மிரட்டுபவர்கள் விஷயத்தில் அதுவும் தேவையில்லை.

அடுத்து, பிளாக் ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். பிளாக் செய்ததை எதிராளி கண்டுபிடித்துவிடக்கூடும். தினமும் வகுப்பில் முகம் பார்க்க வேண்டிய பிள்ளை அதை அஞ்சுவது இயற்கை. மியூட் செய்தால் அவர் எழுதுவது உங்களுக்கு வராது, அவருக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராம் 2019-இல் கொண்டுவந்த ரெஸ்ட்ரிக்ட் வசதி இன்னும் நுட்பமானது: அவர் இடும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும், அவரது செய்தி வேண்டுகோள் பெட்டிக்குப் போய்விடும், நீங்கள் படித்தீர்களா என்பதும் அவருக்குத் தெரியாது. சுவரிடம் பேசுவதை அறியாமலே அவர் பேசிக்கொண்டிருப்பார். குறிப்பிட்ட சொற்கள் வரும் கமெண்ட்களை மறைக்கும் வசதியும் உண்டு. பிள்ளையைப் புண்படுத்தும் பட்டப்பெயர்களை அதன் எழுத்துப்பிழை வடிவங்களோடு சேர்த்துப் பட்டியலிடுங்கள். வாட்ஸ்அப்பில் தன்னை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்பதை அமைப்புகளில் கட்டுப்படுத்தலாம். குழுவிலிருந்து விலகினால் அட்மின்களுக்கு மட்டுமே அறிவிப்புப் போகும்படி 2022-இல் மாற்றியிருக்கிறார்கள் என்பதும் பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை.

ரிப்போர்ட் செய்யும்போது கணக்கை மட்டும் குறிக்காமல், குறிப்பிட்ட பதிவையோ கமெண்டையோ தேர்ந்து, பொருத்தமான காரணத்தைக் கவனமாகக் குறியுங்கள். ஆள்மாறாட்டக் கணக்கை "பிடிக்கவில்லை" என்ற வகையில் புகார் செய்தால் எதுவும் நடக்காது. நண்பர்கள் ஐம்பது பேர் ஒரே பதிவை ரிப்போர்ட் செய்வதில் பலன் இருப்பதாக ஒரு நம்பிக்கை நிலவுகிறது. விதிமீறலா என்பதைத்தான் நிறுவனங்கள் பார்க்க வேண்டுமே தவிர எண்ணிக்கையை இல்லை. முதல் பதில் "விதிமீறல் இல்லை" என்று வந்தால் மறுஆய்வு கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் அந்த எண்ணிலிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குச் செல்கின்றன. அப்போதே உரையாடலை அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் அவசரப்பட்டு ஆம் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கு பிறர் கையில் சிக்கியிருந்தால் கடவுச்சொல்லை மாற்றி, மற்றச் சாதனங்களிலிருந்து வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் வசதியை) இயக்க வேண்டும். நட்பின் அடையாளமாகக் கடவுச்சொல்லைப் பகிரும் பழக்கம் இந்த வயதில் அதிகம். நட்பு முறிந்த அன்றே அது ஆயுதமாகிறது.

பள்ளி, எதிர்த்தரப்புப் பெற்றோர், காவல்துறை

எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் பெற்றோரை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி அழைத்தால் அவர்கள் தம் பிள்ளையைக் காக்கத்தான் முனைவார்கள். நம் வீட்டுக்கு அப்படி அழைப்பு வந்தால் நாமும் அதைத்தான் செய்வோம். பெற்றோர் குழுவில் எழுதுவதும், துன்புறுத்திய பிள்ளையின் பெயரையும் படத்தையும் பொதுவில் போடுவதும் கூடவே கூடாது. அவரும் வயது நிரம்பாத பிள்ளைதான். உங்கள் பதிவு இன்னொரு கும்பலைத் தொடங்கி வைக்கும்.

ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் என்றால் வகுப்பாசிரியரிடமோ ஆலோசகரிடமோ, பிள்ளையின் சம்மதத்துடன், குறிப்பேட்டோடு செல்லுங்கள். "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், இருவரும் அமரும் இடம், இடைவேளையில் யார் கவனிப்பார், மறுபடி நடந்தால் பிள்ளை யாரிடம் போக வேண்டும், எந்தத் தேதியில் எங்களுக்குத் தகவல் தருவீர்கள் என்று கேட்டு, பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சமமானவர்களின் சண்டைக்கு அது மருந்து; துன்புறுத்தலில், பாதிக்கப்பட்ட பிள்ளை மறுபடியும் அஞ்சித் தலையசைப்பதோடு முடியும்.

கொலை மிரட்டல், பாலியல் படங்கள், பணம் பறித்தல், பின்தொடர்தல், வீட்டு முகவரியை வெளியிடுதல், அடையாளம் தெரியாத பெரியவர் ஒருவர் பின்னால் இருப்பதாகச் சந்தேகம் ஆகியவற்றில் பள்ளிக்காகக் காத்திராமல் காவல்துறைக்குச் செல்ல வேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்

உங்கள் பிள்ளை துன்புறுத்தவுமில்லை, துன்பப்படவுமில்லை, அந்தக் குழுவில் வெறுமனே இருக்கிறது என்றால் இந்தப் பகுதியை அதனுடன் சேர்ந்து படியுங்கள். பின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சல்மிவாலி குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, துன்புறுத்தலில் இருவர் மட்டும் இல்லை என்று காட்டியது: உடன் சேர்ந்து செய்பவர்கள், சிரித்து ஊக்குவிப்பவர்கள், ஒதுங்கி நிற்பவர்கள், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பவர்கள் என்று வகுப்பில் பெரும்பாலானோருக்கும் ஒரு பாத்திரம் உண்டு. அந்த ஆய்வு வழியிலேயே பின்லாந்துப் பள்ளிகளுக்கான 'கிவா' திட்டம் உருவானது. துன்புறுத்துபவரைத் திருத்துவதோடு நிற்காமல், பார்த்துக்கொண்டிருப்பவர்களை அசைப்பதை அது தன் மையமாகக் கொண்டது.

இணையத்தில் இது இன்னும் பொருந்துகிறது. அறுபது பேர் இருக்கும் குழுவில் ஒருவர் இழிவாக எழுதுகிறார், நான்கு பேர் சிரிக்கிறார்கள், ஐம்பத்து நான்கு பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். மனத்துக்குள் அவர்களில் பலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் இழிவுக்கு ஆளான பிள்ளையின் திரையில் தெரிவது சிரிப்பும் மௌனமும் மட்டுமே. ஐம்பத்தொன்பது பேரும் தனக்கு எதிரி என்றே அது முடிவு செய்யும். ஒவ்வொருவரும் வேறு யாராவது பேசட்டும் என்று காத்திருப்பதால் யாரும் பேசாமல் போவதை, உளவியலாளர்கள் பிப் லத்தானே, ஜான் டார்லி ஆகியோர் 1968-லேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள்.

வீரம் தேவைப்படாத செயல்களே இங்கே அதிகம் உதவுகின்றன. சிரிப்பு எமோஜி வைக்காமல் இருப்பது முதல் செயல். பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக, "பார்த்தேன். அவன் எழுதியது சரியில்லை. நாளை என்னோடு உட்கார்" என்று ஒரு வரி அனுப்புவது இரண்டாவது, இதற்கு ஆகும் நேரம் பத்து நொடி, துணிச்சலும் அதிகம் தேவையில்லை, என் கணிப்பில் இதுவே ஆகப் பயனுள்ளது. குழுவில் சட்டென்று வேறு பேச்சை எடுப்பது, அட்மினுக்குத் தனியே சொல்வது, அழிக்கப்படுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாதிக்கப்பட்டவருக்குத் தருவது ஆகியவையும் உண்டு. "நீங்கள் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை, நான் கிளம்புகிறேன்" என்று விலகினால் இன்னும் இருவர் பின்னால் விலகக்கூடும். செய்யக் கூடாதது ஒன்று: துன்புறுத்தியவரைப் பத்துப் பேராகச் சேர்ந்து தாக்குவது. அப்போது பாத்திரங்கள் மாறுகின்றன, நாடகம் அப்படியே இருக்கிறது.

செய்தது உங்கள் பிள்ளை என்றால்

இந்தத் தொலைபேசி அழைப்பை எதிர்பார்த்து யாரும் இருப்பதில்லை. "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்று சொல்லிவிடுவது பழக்கம். அப்போது, "சொன்னதற்கு நன்றி; பார்த்துவிட்டு நாளை நானே உங்களை அழைக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துன்புறுத்துபவரும் துன்பப்படுபவரும் எப்போதும் வெவ்வேறு பிள்ளைகள் இல்லை. ஒரு குழுவில் அடிவாங்கியதை இன்னொரு குழுவில் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. ஆகவே கோபத்துக்கு முன் விசாரிப்பு வேண்டும்.

தனியறையில், வேறு யாரும் இல்லாதபோது, எழுதியதை மகனோ மகளோ வாய்விட்டுப் படிக்கும்படி சொல்லுங்கள். முகம் தெரியாத திரையின் முன் மனிதர் கட்டவிழ்ந்து எழுதுவதற்கான காரணங்களை உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கினார்: நான் யாரென்று தெரியாது, என்னைப் பார்க்க முடியாது, பதில் உடனே வராது, தட்டிக்கேட்கும் அதிகாரம் அருகே இல்லை. எதிரில் இருப்பவரின் கண்ணீர் தெரியாத இடத்தில் எழுதிய சொல், சொந்தக் குரலில் கேட்கும்போது வேறாகிவிடுகிறது. பல பிள்ளைகள் இரண்டாம் வரியிலேயே நின்றுவிடுவார்கள். "சும்மா விளையாட்டுக்கு" என்று வந்தால், "யாருக்கு விளையாட்டு?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பதிவை நீக்கச் செய்யுங்கள். பகிர்ந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நீக்கும்படி கேட்பதும் அந்தப் பிள்ளையின் வேலைதான். தண்டனை செயலோடு தொடர்புடையதாக இருக்கட்டும்: அந்தக் குழுவின் அட்மின் பொறுப்பை விடுவது, சில வாரங்களுக்குக் கூடத்தில் அமர்ந்தே கைப்பேசியைப் பயன்படுத்துவது. பிள்ளையைத் திட்டுவதைப் படமெடுத்து இணையத்தில் போடும் பெற்றோரையும் பார்க்கிறோம். எந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கிறோமோ அதையே அவர்கள் செய்கிறார்கள்.

மன்னிப்பைத் திணிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும், பெரியவர் வழியாக, எழுத்தில் போகட்டும். "உனக்கு வருத்தமாக இருந்திருந்தால் மன்னித்துக்கொள்" என்பது மன்னிப்பாகாது. செய்தது என்ன, அது ஏன் தவறு, சரிசெய்ய என்ன செய்திருக்கிறேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பதில் எதிர்பார்க்கும் வரி இருக்கக் கூடாது.

எழுதியது ஓர் இனத்தையோ மதத்தையோ உடற்குறையையோ இழிவுசெய்வதாக இருந்தால், "இதை எங்கே கேட்டாய்?" என்று கேளுங்கள். பதில் ஒரு விளையாட்டு அரட்டையாகவோ, காணொளிப் பக்கமாகவோ இருக்கலாம். உங்கள் உறவினர் குழுவில் போன மாதம் நீங்களே பார்த்துச் சிரித்த மீமாகவும் இருக்கலாம். அப்படியானால், "நானும் அதற்குச் சிரித்தேன், அது தவறு" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அந்தக் குழுவிலும் ஒரு வரி எழுதுங்கள். அதைப் பிள்ளை பார்க்கட்டும்.

பிறகு வரும் வாரங்கள்

பதிவு நீங்கியதும் எல்லாம் முடிந்தது என்று பெரியவர்களுக்குத் தோன்றும். பிள்ளைக்கோ, வகுப்பில் இரண்டு பேர் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றிக்கொண்டிருக்கும். தினமும் விசாரித்தால் அதுவே தொல்லையாகும். வாரத்துக்கு ஒரு முறை, ஏற்கெனவே பேசிவைத்த நாளில் கேட்பது நலம். இரவில் கைப்பேசிகள் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து; பிள்ளையுடையது மட்டும் வெளியே வைக்கப்பட்டால் அது தண்டனையாகிவிடும். உறக்கமும் உணவும் படிப்பும் சில வாரங்களாகியும் சீராகவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். இணையத்தில் பிள்ளைக்கு நல்ல வட்டங்களும் இருக்கும்: வரைபவர்கள், பாடுபவர்கள், ஒரே விளையாட்டை விரும்புபவர்கள். அவற்றைத் துண்டித்துவிடாதீர்கள்.

சேர்த்துவைத்த சான்றுகளைப் பிள்ளையின் கைப்பேசியிலிருந்து உங்கள் கணினிக்கு மாற்றிவிடுங்கள். நள்ளிரவில் எடுத்து மீண்டும் மீண்டும் படிக்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிடுகிறது. புகார் எதுவும் நிலுவையில் இருக்கும்வரை அந்தக் கோப்பு இருக்கத்தான் வேண்டும் என்று காரணத்தைச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதை வைத்திருப்பதா, அழிப்பதா, எப்போது அழிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அழிக்கும் பொத்தானையும் அதுவே அழுத்தட்டும்.